உயிராற்றலின் ஊற்றைக் கண்டவர்

நுழையும்முன்

நாம் விழித்திருந்தாலும் உறங்கினாலும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் அதற்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது? இவ்வினாவுக்கு விடை காண உதவியவர்களுள் ஒருவர், சென்னையில் கல்வி கற்ற ஓர் இந்தியர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றவர். முழுமையான மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டவர். ஆயினும் உடலியல், ஊட்டச்சத்தியல், புற்றுநோய் மருத்துவம், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தியல் எனப் பல துறைகளிலும் அவர்தம் ஆய்வு தடம் பதித்தது. அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தோல்வியில் தொடங்கிய கல்வி

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். நோயின் காரணமாகப் பணியிலிருந்து விலக நேர்ந்தமையால் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பதின்மூன்றாம் வயதில் சுப்பாராவ், காசிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் அவரை வழியிலேயே மீட்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

பள்ளியிலும் அவர் ஒளிரவில்லை. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். கணவரை இழந்த நிலையிலும் மகனின் கல்வியைக் கைவிட மனமில்லாத வெங்கம்மா, அவரைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில் சுப்பாராவ் வெற்றிபெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்தில் அவருக்கு நாட்டம் மிகுந்தது. இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்ப்புக்கொண்டு துறவு பூணவும் விழைந்தார். தாயார் இசையவில்லை. மடத்தின் மருத்துவமனைகளில் தொண்டாற்றுவதற்கு மருத்துவம் பயிலலாம் என்னும் அறிவுரை அவருக்குக் கிடைத்தது. துறவுக்கு மாற்றாக அவர் தேர்ந்துகொண்ட தொண்டாகவே மருத்துவக் கல்வி அமைந்தது.

கதராடையும் மறுக்கப்பட்ட பட்டமும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் நாட்டு விடுதலை உணர்வு மாணவர் உள்ளங்களில் பரவியிருந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்ற சுப்பாராவ், அயல்நாட்டுத் துணியைத் துறந்தார். அறுவைச் சிகிச்சைக்குரிய மேலாடையைக்கூடக் கதரிலேயே அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு இடமளித்தது. எழுத்துத் தேர்வுகளில் சிறப்பாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர அவர் மேற்கொண்ட முயற்சியும் கைகூடவில்லை. சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியில் அமர்ந்தார். நம் நாட்டு மருந்துகள் நோயை எவ்வாறு தீர்க்கின்றன என்பதை அறிவியல் முறையில் ஆராயும் வேட்கை அங்கே அவருக்குள் வளர்ந்தது.

இதற்கிடையில் அவர் குடும்பத்தில் ஒரு பேரிடி விழுந்தது. உடன்பிறந்தோர் இருவர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் ஸ்புரூ என்னும் கொடிய குடல் நோயே அவர்களைக் கொண்டுசென்றது. உண்ணும் உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமையால் உடல் மெலிந்து, குருதி குன்றி, உயிர் பிரியச் செய்வது அந்நோய். மருத்துவம் கற்ற தம்பியால் அண்ணனைக் காக்க இயலவில்லை. அண்ணனால் தம்பியையும் காக்க இயலவில்லை. கற்ற கல்வியின் எல்லை எது என்பதை அத்துயரம் அவருக்குக் காட்டியது.

பாஸ்டன் நகரில்

மாமனார் உதவியோடும் அறக்கட்டளையொன்றின் பொருளுதவியோடும் சுப்பாராவ் கடல்கடந்தார். 1922ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி சேஷகிரியைத் தாயகத்தில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்பதே எண்ணம். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகன் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்துபட்டான். அம்முகத்தைக் காணும் வாய்ப்புத் தந்தைக்குக் கிட்டவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் பட்டயம் பெற்றார். அவர் பெற்றிருந்த சான்றிதழ், மருத்துவராகப் பணிபுரிய அங்கே போதுமானதாக இல்லை. எனவே மருத்துவமனையொன்றில் இரவு நேரப் பணியாளராக நோயாளிகளின் கழிகலங்களைத் துப்புரவு செய்து வாழ்க்கையை நடத்தினார். பகலில் ஆய்வு, இரவில் ஏவல் பணி என அவர் நாள்கள் கழிந்தன.

நீலநிறம் உணர்த்திய உண்மை

ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்க் என்னும் அறிஞரோடு சுப்பாராவ் இணைந்து உழைத்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைத் துல்லியமாகக் கணக்கிடுவதற்கு எளிய முறை தேவைப்பட்ட காலம் அது. இருவரும் 1925ஆம் ஆண்டில் அத்தகைய முறையொன்றை வெளியிட்டனர். ஆய்வுக்குரிய கரைசலில் மாலிப்டேட்டுடன் குறிப்பிட்ட வேதிப்பொருளைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி மிகுந்தால் பாஸ்பரசின் அளவும் மிகுதி என அறியலாம். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர்பெற்ற இது, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகள் வழக்கிலிருந்தது. மாணவர்கள் இன்றும் இதனைக் கற்கின்றனர்.

இம்முறையைத் தசையிலிருந்து எடுத்த சாற்றில் பயன்படுத்தியபோது, நிறம் வழக்கம்போல் உடனே தோன்றாமல் மெல்ல மெல்லவே அடர்ந்தது. பிழையெனக் கருதி அவர்கள் இதனை ஒதுக்கிவிடவில்லை. இத்தாமதத்தின் காரணத்தைத் தேடினர். தசையில் தனித்துள்ள பாஸ்பேட்டு என அதுவரை எண்ணப்பட்டதன் பெரும்பகுதி, கிரியேட்டின் என்னும் பொருளோடு இணைந்திருப்பதும், எளிதில் சிதையும் அவ்விணைப்பிலிருந்து சிறிது சிறிதாக விடுபடுவதும் புலனாயின. 1927ஆம் ஆண்டு அவர்கள் வெளிப்படுத்திய அச்சேர்மமே பாஸ்போகிரியேட்டின் ஆகும். 1929ஆம் ஆண்டில் அடினோசின் டிரைபாஸ்பேட்டு எனப்படும் ஏ.டி.பி.யையும் அவர்கள் தசையிலிருந்து பிரித்தறிந்தனர். அதே காலத்தில் செருமனியில் கார்ல் லோமான் என்பாரும் தனித்து ஆராய்ந்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்.

தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்னும் கருத்து அந்நாளில் வேரூன்றியிருந்தது. 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு, தசையின் இயக்கத்தை ஆராய்ந்து அக்கருத்தை வளர்த்த அறிஞர்களுக்கே வழங்கப்பட்டிருந்தது. இரவில் கழிகலம் துலக்கிய ஓர் இளைஞரும் அவர்தம் ஆசிரியரும் கண்டறிந்த சேர்மங்கள், அக்கருத்து மாறுவதற்கு வழிவகுத்தன.

இதயத்தின் எரிபொருள்

ஏ.டி.பி. என்பது உயிரணுக்கள் செலவிடும் கைப்பணம் போன்றது. நாம் உண்ணும் மாவுப்பொருளும் கொழுப்பும் உடனடியாகத் தசையை இயக்குவதில்லை. அவற்றிலிருந்து பெறப்படும் ஆற்றல் ஏ.டி.பி.யாக மாற்றப்பட்ட பின்னரே தசை அதனைப் பயன்படுத்த இயலும். இதயத் தசையில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. சில நொடித் துடிப்புகளுக்கே போதுமானது. ஆதலால் அது இடையறாது புதிதாக ஆக்கப்பட வேண்டும். செலவு திடீரென மிகும்போது பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டை அளித்து ஏ.டி.பி.யை மீட்டுத் தருகிறது. கைப்பணம் குறையும்போது உதவும் சேமிப்பாக அது விளங்குகிறது. நலிந்த இதயங்களில் இச்சேமிப்புக் குறைகிறது என்பதை, உடலைக் கீறாமலே காந்த ஒத்ததிர்வு முறையால் இன்றைய ஆய்வாளர்கள் அளந்தறிகின்றனர். இதய வளர்சிதை மாற்றம் குறித்த அத்தகைய ஆய்வுகளில் சுப்பாராவ் கண்ட இரு சேர்மங்களே இன்றும் அளவுகோலாகத் திகழ்கின்றன.

உடன்பிறந்தோரைக் கொன்ற நோய்க்கு மருந்து

1930ஆம் ஆண்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் நிலையான பணி அவருக்குக் கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்தின் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற அவர், விரைவில் அதன் ஆய்வு இயக்குநராக உயர்ந்தார். அதுகாறும் தனியொரு சோதனைக் குழாயோடு உழைத்தவர், இப்போது வேதியியலார், மருத்துவர், நுண்ணுயிரியலார், தாவரவியலார் எனப் பல துறையினரை ஒருங்கிணைத்து வழிநடத்தலானார்.

கல்லீரலிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஏதோ ஒரு சத்து, ஒருவகைக் குருதிச்சோகையைத் தீர்க்கிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. மும்பையில் கருவுற்ற ஏழைப் பெண்களிடையே பணியாற்றிய லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1931ஆம் ஆண்டிலேயே இதனைப் புலப்படுத்தியிருந்தார். அச்சத்தின் வேதியமைப்பைத் தெளிந்து, அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கும் முயற்சியில் சுப்பாராவின் குழு ஈடுபட்டது. 1945ஆம் ஆண்டில் அம்முயற்சி வெற்றிகண்டது. அச்சத்தே போலிக் அமிலம். ஸ்புரூ நோயால் குருதி குன்றியவர்கள் அதனை உட்கொண்டு நலம்பெற்றனர். உடன்பிறந்தோரை இழந்த துயருக்கு, கால் நூற்றாண்டுக்குப்பின் அவர் கண்ட விடை அது. அவர்களை மீட்க இயலாவிடினும் அவர்களைப் போன்ற எண்ணற்றோரை மீட்க அது பயன்பட்டது. இன்று நம் நாட்டில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்துடன் சேர்த்து வழங்கப்படும் மாத்திரையில் இருப்பதும் போலிக் அமிலமே ஆகும்.

ஒரு சத்தின் மறுபக்கம்

போலிக் அமிலம் உயிரணுக்கள் பெருகத் துணைநிற்கிறது. அங்ஙனமாயின், கட்டின்றிப் பெருகும் புற்றணுக்களிடம் அதன் செயலைத் தடுத்தால் நோய் அடங்குமன்றோ? பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பரின் முயற்சிக்கு உதவும் வகையில், போலிக் அமிலத்தை ஒத்த தோற்றமுடைய, ஆனால் அதன் செயலைத் தடுக்கும் சேர்மங்களைச் சுப்பாராவின் குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குப் பார்பர் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, அந்நோயை மருந்தால் அடக்கலாம் என்னும் நம்பிக்கையை முதன்முதலாக ஊட்டியது. அதே வழியில் பிறந்த மெத்தோட்ரெக்சேட்டு, புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றளவும் மருந்தாக விளங்குகிறது.

யானைக்கால் நோயைத் தடுக்கும் மாத்திரையும் அவ்வாய்வுக்கூடத்தின் கொடையே. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பலர், கொசுவால் பரவும் அந்நோய்க்கு ஆளாயினர். அதற்கான தேடலில் உருவான ஹெட்ரசான், 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. டி.இ.சி. என்னும் பெயரில் அம்மருந்தையே தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் நலவாழ்வுப் பணியாளர்கள் வீடுவீடாக வழங்கினர். எழுபது வயதைக் கடந்து, பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலாரும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அவர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்கிளின் வகையைச் சேர்ந்த முதல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாகும்.

புகழை நாடாத வாழ்வு

இத்தனை கண்டுபிடிப்புகளுக்குப் பின்னணியில் நின்றும் சுப்பாராவ் மேடையேறவில்லை. செய்தியாளர் முன் நிற்பதைத் தவிர்த்தார். குழுவின் வெற்றிகளைக் குழுவினருடையனவாகவே உலகம் அறியச் செய்தார். அமெரிக்கக் குடியுரிமையைப் பெறாமலே வாழ்ந்தார். தாயகம் திரும்பும் நாளை ஓர் ஆய்வுக்குப்பின், இன்னுமோர் ஆய்வுக்குப்பின் எனத் தள்ளிவைத்தார். அந்நாள் வரவேயில்லை. 1948ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், ஓரிரவு உறங்கியவர் எழவில்லை. அப்போது அவருக்கு வயது 53. இதயத்துக்கு ஆற்றல் தரும் பொருளைக் கண்டவரின் இதயமே உறக்கத்தில் நின்றது. இந்தியாவில் கால் நூற்றாண்டு காத்திருந்த சேஷகிரியை வந்தடைந்தது இறப்புச் செய்தி மட்டுமே. மானுடம் பெற்ற நலனுக்கு அப்பெண்மணி செலுத்திய விலையையும் நாம் மறத்தலாகாது.

நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அவர்தம் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. பூஞ்சைப் பேரினம் ஒன்று சுப்பாரோமைசிஸ் என அவர் பெயரால் வழங்கப்படுகிறது. அவர் ஆக்கித் தந்த மருந்துகளை உட்கொள்வோருள் பெரும்பாலோர் அவர் பெயரை அறியார். எனினும் தேர்வில் தோற்ற சிறுவனைத் தாயார் மீண்டும் பள்ளிக்கு அனுப்பியதன் பயனை அவர்கள் ஒவ்வொருவரும் நுகர்கின்றனர். ஒரு தேர்வின் முடிவு ஒரு வாழ்வின் முடிவாகாது என்பதற்கும், எதிர்பாராத விடை கிடைக்கும்போது அதனை ஒதுக்காமல் காரணம் தேடுவதே அறிவியல் என்பதற்கும் சுப்பாராவின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.