ரஹீம் சாகிப் புகட்டிய பாடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று ஆலைகள் பெருகி நிற்கின்றன. அங்கு உழைப்போரின் பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும், பந்தாட்டம் கற்பிக்க ஓர் ஆசானும் அவசியம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். அவ்வாசான் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்று கேட்போருக்கு, ஹைதராபாத் ஸையத் அப்துல் ரஹீம் அவர்களின் சரித்திரத்தையே நாம் சுட்டிக்காட்டுவோம்.

1909-ம் வருஷம் பிறந்த ரஹீம் அவர்கள் உத்தியோகத்தால் பள்ளி உபாத்தியாயர். 1950-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றார். அவ்வருஷம் தொட்டு 1954 வரை, ஐந்து வருஷங்கள் இடைவிடாது, பம்பாய் ரோவர்ஸ் கோப்பை அக்கோஷ்டியின் வசமே இருந்தது.

இவ்வெற்றியின் இரகசியம் யாது? இளைஞர்பால் அவர் கொண்ட சிரத்தையே என்பது நமது அபிப்பிராயம். பழக்கமற்ற காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவர் பந்தயங்கள் நடத்தினார். ஒற்றைக் காலையே நம்பும் சிறுவனை எதிரி எளிதில் ஒரு பக்கமாக மடக்கிவிடுவான் அன்றோ? பந்தைத் தானே உருட்டிச் செல்லாது உடனே தோழனுக்குத் தள்ளிவிடும் பந்தயங்களையும் ஏற்படுத்தினார். தன் சாமர்த்தியத்தைவிடக் கோஷ்டியின் நன்மை பெரிது என்பதை உபதேசத்தால் அன்றி, ஆட்டத்தாலேயே பிள்ளைகள் உணர்ந்தனர்.

தோல்வியையும் அவர் கண்டதுண்டு. 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில், யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் நமது தேசம் தோற்றது. நம்மவரில் பலர் வெறுங்காலுடன் ஆடியவர். அதன் பின்னர் பூட்ஸ் கட்டாயமாயிற்று. நான்கே வருஷங்களில், மெல்போர்னில், இந்தியா நான்காம் ஸ்தானம் பெற்றது.

1962 செப்டம்பர் 4-ம் தேதி ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம் நடந்தது. அப்பொழுதே ரஹீம் அவர்களைப் புற்றுநோய் பற்றியிருந்தது. நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டுக்கு ஆடிய பீட்டர் தங்கராஜ் அன்று கோலைக் காத்தார். தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங், தலையில் காயத்துடன், முன்வரிசையில் ஆடி ஒரு கோல் போட்டார். தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தங்கம் கொணர்ந்தனர். 1963 ஜூன் மாதம் ரஹீம் அவர்கள் காலமானார்.

அதற்குப் பின் ஆசிய விளையாட்டில் நமது பந்தாட்டக் கோஷ்டிக்குத் தங்கம் கிட்டவில்லை. ஒலிம்பிக் பந்தாட்டத்தில் 1960-க்குப் பின் நாம் இடம் பெறவும் இல்லை. தேர்ந்த ஆட்டக்காரரை விலைக்கு வாங்கலாம். ஆட்டத்தை வாங்க இயலாது. பழகாத கையிடம் எந்த ஆலையும் இயந்திரத்தை ஒப்படைப்பதில்லை. முதலில் தொழில் கற்பிக்கிறது. அந்நியாயம் பந்தாட்டத்திற்கும் பொருந்தும். ஆலை முதலாளிகளும் பள்ளி நிர்வாகிகளும் பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து தொடங்குவார்களாக. கோப்பைக்கு அவசரப்படாத ஓர் உபாத்தியாயரை அமர்த்தி, அவருக்குப் பத்து வருஷ அவகாசமும் அளிப்பார்களாக. ரஹீம் சாகிப்புக்கு நாம் எழுப்பக்கூடிய ஞாபகச் சின்னம் அதுவே.