இரண்டு பெட்டி ஓவியங்கள்

நம் குடியிருப்பில் ஓவியப் போட்டி என்று அறிவித்தால் போதும், குழந்தைகள் கலர் பென்சிலோடு கூடிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய ஓவியர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், இதெல்லாம் அவர்களுக்கு எங்கே புரியப் போகிறது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அப்படி முடிவு செய்யாத ஓர் ஆசிரியையை இந்த இதழில் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவர் பெயர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ்.

1898 ஜூலை 30 அன்று ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஸ்டேஷனரி கடையில் வேலை பார்த்தவர். ஃப்ரீடல் புகைப்படக் கலையும் நெசவும் கற்றார். பிறகு ஜொஹான்னஸ் இட்டன் என்ற ஆசிரியரிடம் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். இட்டனின் வகுப்பில் முதலில் மூச்சுப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் பென்சில். பழைய ஓவியர்களின் படங்களில் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே, கோடு எப்படி ஓடுகிறது என்பதை மாணவர்கள் தாங்களே வரைந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். 1919இல் இட்டன் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கப்பட்ட பாவ்ஹவுஸ் கலைப்பள்ளிக்குச் சென்றபோது ஃப்ரீடலும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

படிப்பு முடிந்ததும் பிரான்ஸ் சிங்கர் என்ற நண்பருடன் சேர்ந்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள்ளலங்காரம், மேஜை நாற்காலிகள் வடிவமைத்தார். நம்மைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வியன்னாவில் கோதேஹோஃப் என்ற நகராட்சிக் குடியிருப்பின் மழலையர் பள்ளியை இவர்கள்தான் வடிவமைத்தார்கள். அங்கிருந்த சாமான்கள், மடக்கி அடுக்கிவைக்க வசதியாகக் குழந்தைகளின் அளவுக்கே செய்யப்பட்டவை.

1934இல் அரசியல் காரணங்களுக்காகக் கைதானார். விடுதலையானதும் செக் நாட்டின் பிராக் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்ற எடித் கிராமர், பிற்காலத்தில் அமெரிக்காவில் ஓவிய சிகிச்சை முறையின் முன்னோடிகளில் ஒருவரானார். 1936இல் பாவெல் பிராண்டைஸை ஃப்ரீடல் மணந்தார். நாஜிகளின் பிடி இறுகியபோது பாலஸ்தீனத்துக்குத் தப்பிச் செல்ல அவருக்கு வழி இருந்தது. கணவரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார்.

1942 டிசம்பரில் தம்பதியர் இருவரும் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் அனுமதி. அந்த 50 கிலோவில் ஃப்ரீடல் வண்ணங்களையும் வரைபொருள்களையும் திணித்துக்கொண்டார்.

முகாமில் குழந்தைகளில் பலர் பெற்றோரைப் பிரிந்து தனி விடுதிகளில் இருந்தார்கள். பசி, நோய், நெருக்கடி. பாடம் நடத்தத் தடை இருந்தது. படம் வரைவதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஃப்ரீடல் தன் வகுப்பை நடத்தினார். ஜோட்டோ, வெர்மீர் போன்றவர்களின் ஓவியப் பிரதிகளைக் குழந்தைகள் முன் வைத்தார். பெயரையும் வருடத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உபயோகித்த அலுவலகப் படிவங்களைக் கிழித்தும் வெட்டியும் ஒட்டியும், அதே படத்தை அவர்கள் கையாலேயே மறுபடி உருவாக்க வைத்தார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய டச்சு வீட்டின் ஜன்னல் வெளிச்சம், முகாம் படிவத்தின் துண்டுகளில் மறுபடி வந்தது. எதை எங்கே வைத்தால் படம் நிற்கும் என்று குழந்தைகளே யோசித்துக் கண்டுபிடித்தார்கள்.

1943இல் முகாமில் இருந்த பெரியவர்களுக்குக் குழந்தை ஓவியம் பற்றி ஓர் உரையும் நிகழ்த்தினார். எல்லாக் குழந்தைகளையும் ஓவியர்களாக்குவது நோக்கமல்ல, அவர்களுக்குள் இருக்கும் படைக்கும் சக்தியைக் காப்பதே நோக்கம், பெரியவர்கள் அவசரப்பட்டுத் திருத்தக் கூடாது என்பது அதன் சாரம்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும். வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, அவர் கதையில் மனதை விட்டு அகலாத இடம் இதுதான். வெறும் எண்ணாக மாற்றப்பட்டவர்களுக்கு அந்த ஒரு தாளிலாவது பெயர் இருந்தது.

1944 செப்டம்பர் 28 அன்று பாவெலை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஃப்ரீடல் தானாகவே பெயர் கொடுத்து அடுத்த ரயில்களில் ஒன்றில் ஏறினார். அக்டோபர் 9 அன்று பிர்கெனோவில் கொல்லப்பட்டார். கணவர் எப்படியோ உயிர் பிழைத்தார்.

புறப்படும் முன், சுமார் 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி விட்டுச் சென்றார். விடுதிப் பொறுப்பில் இருந்தவர்கள் அவற்றைக் காப்பாற்றி, 1945இல் போர் முடிந்ததும் பிராக் நகரில் ஒப்படைத்தார்கள். இன்று அவை அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் பலர் யார் என்று நமக்குத் தெரிவதே அவர்கள் எழுதிவைத்த பெயரால்தான்.

அடுத்த விடுமுறையில், நீங்கள் தூக்கிப் போட இருக்கும் பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள் எல்லாவற்றையும் நம் சங்கக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். நல்ல ஓவியம் ஒன்றைக் குழந்தைகள் நடுவே வைத்து, அவர்களே வெட்டி ஒட்டிச் செய்து பார்க்கட்டும். போட்டி வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், நாம் திருத்தவும் வேண்டாம். முடித்த பிறகு, கீழே பெயர் எழுத மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.