ஒளித்துகளை எண்ணிய சத்யேந்திரநாத் போஸ்

கொல்கத்தாவின் கிழக்கே, உப்பேரியைத் தூர்த்து அமைக்கப்பட்ட சால்ட் லேக்கில், சத்யேந்திரநாத் போஸின் பெயர் தாங்கிய அடிப்படை அறிவியல் மையம் இருக்கிறது. 1986-இல் நிறுவப்பட்டது. அதே சால்ட் லேக்கில், அவருடன் மாநிலக் கல்லூரியில் ஒரே வகுப்பில் பயின்ற மேகநாத் சாஹா நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் உள்ளது. ஜடப்பொருளும் ஆற்றலும் எவ்விதம் தொடர்புடையவை என்ற கேள்வி இவ்விரு நண்பர்களையும் இளமையிலேயே ஆட்கொண்டிருந்தது.

போஸ் 1894 ஜனவரி முதல் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். 1905-இல் ஐன்ஸ்டீன், பொருளின் நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று காட்டினார். ஆனால் புதிய இயற்பியலின் மூலநூல்கள் ஜெர்மன் மொழியில் இருந்தன. போஸும் சாஹாவும் அம்மொழியைக் கற்று, சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தா பல்கலைக்கழகம் 1920-இல் அவற்றை நூலாக வெளியிட்டது. மொழிபெயர்ப்புதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சொல்லுக்குச் சொல் போராடியவருக்கே மூலத்தின் விரிசல்களும் புலப்படும்.

அப்படியொரு விரிசலை அவர் டாக்காவில் பாடம் நடத்தும்போது கண்டார். வெப்பக் கதிர்வீச்சுக்கு பிளாங்க் 1900-இல் தந்த சூத்திரம் சரியானது. அதற்குச் சொல்லப்பட்ட நிரூபணமோ பாதி பழைய கொள்கையையும் பாதி புதிய கொள்கையையும் சார்ந்திருந்தது. போஸ் பழையதை அறவே விட்டார். ஒளியைத் துகள்களாகவே கொண்டு எண்ணினார்.

எண்ணிய முறைதான் புதிது. இரண்டு பந்துகளை இரண்டு பெட்டிகளில் இடுவதாகக் கொள்வோம். பந்துகளுக்குத் தனித்தனி அடையாளம் இருந்தால் நான்கு விதங்களில் இடலாம். அடையாளமே இல்லையென்றால் மூன்று விதங்களே உண்டு. பெட்டிக்கு ஒன்றாக இருக்கையில் அவற்றை இடம் மாற்றினாலும் புதிதாக எதுவும் நேர்வதில்லை. ஒளித்துகள்களுக்குத் தனி அடையாளம் இல்லை என்பதே போஸின் கணக்கில் அடங்கியிருந்த உண்மை.

இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிய அக்கட்டுரை அங்கே வெளிவரவில்லை. 1924 ஜூன் மாதம் அவர் அதை நேரே ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். முப்பது வயதான, முனைவர் பட்டம் இல்லாத, வெளிநாட்டார் அறியாத ஓர் ஆசிரியரின் துணிவு அது. ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். முன்பு தம்மை மொழிபெயர்த்தவரை இப்போது அவர் மொழிபெயர்த்தார்.

ஐன்ஸ்டீன் அத்துடன் நிற்கவில்லை. ஒளிக்குரிய அதே எண்ணும் முறையை அணுக்களுக்கும் பொருத்தினார். கதிராகிய ஆற்றலும் அணுவாகிய ஜடப்பொருளும் ஒரே விதியின்கீழ் வந்தன. (எல்லாத் துகள்களும் இதில் அடங்கா, எலக்ட்ரான்களுக்கு வேறு கணக்கு.) கடுங்குளிரில் அத்தகைய அணுக்கள் திரளாக ஒரே நிலையில் ஒடுங்கும் என்றும் அவர் கணித்தார். போஸின் விதிக்கு உட்படும் துகள்களுக்குப் பின்னாளில் டிராக் போசான் என்று பெயரிட்டார்.

ஐரோப்பாவில் இரண்டாண்டுகள் கழித்துத் திரும்பிய போஸ், டாக்காவிலும் 1945 முதல் கொல்கத்தாவிலும் கற்பித்தார். ஆய்வுக் கட்டுரைகள் குறைவாகவே எழுதினார், எஸ்ராஜ் வாசித்தார். தாய்மொழியில் அறிவியலைக் கற்பிக்க இயலாது என்ற வாதத்தை அவர் ஏற்றதே இல்லை. 1948-இல் வங்க அறிவியல் மன்றத்தைத் தொடங்கி, வங்கமொழி அறிவியல் இதழையும் வெளிவரச் செய்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1974 பிப்ரவரி 4 அன்று மறைந்தார்.

1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ருபீடியம் அணுக்களை ஒரு கெல்வினில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான வெப்பநிலைக்குக் குளிரவைத்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்கள், தனி அடையாளம் இழந்து, ஒரே நிலையில் ஒடுங்கின.