அந்நியனுக்கு ஒரு ஸலாம்: உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியன. சபுராளி இல்லாத வீடு நம் மஹல்லாவில் அரிது. பிழைப்பின் பொருட்டு அரபு நாடுகளிலும், மலேசியா, சிங்கப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்போர் நம்மிடையே பலர். ஆதலின், தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தைப் பயணத்திலேயே கழித்த ஒரு மார்க்க அறிஞரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 703 (கி.பி. 1304) இல் மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில், காஜிகள் பலரைத் தந்த மாலிகி மத்ஹபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார்கள். கி.பி. 1325 இல், தம் 21ஆம் வயதில், பெற்றோரைப் பிரிந்து தன்னந்தனியே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

அவர்களது கூட்டம் துனிஸ் நகரை அடைந்தபோது ஊர்மக்கள் எதிர்கொண்டு வந்து, தத்தமக்கு அறிமுகமானவர்களுக்கு ஸலாம் உரைத்து நலம் விசாரித்தனர். அறிந்தோர் எவரும் இல்லாத இவ்விளைஞருக்கு மட்டும் ஸலாம் சொல்ல ஆளில்லை. தனிமை தாளாது கண்ணீர் பெருக்கினார்கள். இதனைக் கண்ணுற்ற ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் கூறி, அன்புடன் உரையாடி, நகருக்குள் நுழையும்வரை உடன் இருந்தார். பிற்காலத்தில் பேரரசர்கள் பலரின் உபசாரத்தைப் பெற்ற அப்பெரியார், முதுமையில் தம் வரலாற்றைச் சொல்லும்போதும் அந்த ஒரு ஸலாமை மறக்கவில்லை.

1330களின் தொடக்கத்தில் துருக்கியரின் அனதோலியா நாட்டில் லாதிக் என்னும் ஊருக்குள் நுழைந்தார்கள். கடைவீதியில் சிலர் ஓடிவந்து குதிரையின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் அவர்களோடு சண்டையிட்டுக் கத்தியையும் உருவினர். மொழி அறியாத நம் பயணி, இவர்கள் கொள்ளையரே என அஞ்சி நடுங்கினார்கள். அரபு அறிந்த ஒருவர் வந்து விளக்கிய பின்னரே உண்மை புலனாயிற்று. அவர்கள் அகீ என்னும் சகோதரத்துவச் சங்கத்தின் இரு பிரிவினர். விருந்தாளி யாருடைய இல்லத்தில் தங்குவது என்பதே அவர்களது சண்டை! முடிவில் சீட்டுக் குலுக்கி முறை வகுத்துக்கொண்டனர். மொழி தெரியாத இடத்தில் அன்பும் அச்சுறுத்தலாகத் தோன்றுவதுண்டு என்பதற்கு இது சான்று.

1333 இல் சிந்து நதியைக் கடந்து, முஹம்மது பின் துக்ளக் ஆட்சி செய்த டில்லியை அடைந்தார்கள். அந்நியரை அந்நியர் என்று அழைத்தால் அவர்கள் மனம் நோகும் எனக் கருதிய அந்த சுல்தான், கண்ணியத்திற்குரியவர் எனப் பொருள்படும் அஜீஸ் என்ற சொல்லாலேயே அவர்களை அழைக்கக் கட்டளையிட்டிருந்தார். ஹனபிகளின் நாட்டில் தாம் மாலிகி என்றும், தமக்கு மொழியும் தெரியாதென்றும் எடுத்துரைத்தபோதிலும், இரு உதவியாளரைத் தந்து இவர்களைக் காஜியாக அமர்த்தினார் சுல்தான். அதே மன்னரின் ஐயத்திற்கு ஆளாகிக் காவலில் இருந்து, உயிருக்கு அஞ்சி நோன்பு நோற்ற நாட்களும் பின்னர் வந்தன.

மாலத்தீவில் 1343-44 இல் காஜியாக இருந்தபோது, தொழுகை பேணும் சாதுவான மக்களைக் கண்டார்கள். ஆயின் அவர்களது பழக்கவழக்கங்கள் வேறு. பெண்களின் உடையைத் திருத்த முயன்றும் இயலவில்லை. திருடனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது சபையிலேயே சிலர் மயங்கி விழுந்தனர். சட்டத்தை அறிந்திருந்த அளவுக்கு அம்மக்களின் மனத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அமைச்சருடன் பிணக்கு முற்றவே, தீவை விட்டு நீங்கினார்கள்.

இலங்கையைக் கண்டபின், மஅபர் என அரபியர் அழைத்த நம் தமிழகக் கரையை நோக்கி வருகையில் கப்பல் புயலில் உடைந்தது. துணையாக வந்தோரை முதலில் மிதவையில் கரைக்கு அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே தங்கினார்கள். விடிந்ததும் படகில் வந்து கரை சேர்த்தவர்கள் முஸ்லிமல்லாத இவ்வூர் மக்களே. மதுரை சுல்தான் கியாசுத்தீன், இவர்களது டில்லி மனைவியின் சகோதரியை மணந்தவர். எனினும், போரில் பிடிபட்ட இந்துப் பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொன்ற கொடுமையை உறவு கருதி மறைக்காது, கண்டித்தே பதிவு செய்துள்ளார்கள்.

சீனாவின் வளம் அவர்களை வியப்பிலாழ்த்தியது, மனமோ ஒட்டவில்லை. அவசியமின்றி வீட்டைவிட்டு வெளியேறவும் மனமில்லை. அங்கு ஒருநாள், தஞ்சாவுக்கு அருகிலுள்ள சப்தா ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தபோது இருவருமே அழுதுவிட்டனர்.

தாயகம் திரும்பும் வழியில், 1348 இல் திமிஷ்கில் இரு செய்திகள் காத்திருந்தன. தந்தை மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வூரில் விட்டுச்சென்ற மகனும் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயையாவது காண்போம் என விரைந்தவர்களுக்கு, ஊரை நெருங்குகையில் அன்னையும் கொள்ளைநோயில் மறைந்த செய்தியே எட்டியது. கபுரை ஜியாரத் செய்யும் பேறு மட்டுமே வாய்த்தது. சபுராளிகள் பலர் இன்றும் அறிந்த துயரம் இது.

பின்னர் 1352 இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் சென்றார்கள். அரசர் அனுப்பிய விருந்து சில ரொட்டிகளும் மாட்டிறைச்சியும் தயிருமே எனக் கண்டு முதலில் எள்ளி நகைத்தார்கள். ஆயினும், அங்கு இறந்துபோகும் அந்நியரின் பொருளை எவரும் தீண்டாமல், உரிய வாரிசு வரும்வரை நம்பகமானவரிடம் ஒப்படைத்து வைக்கும் நேர்மையை மனமாரப் புகழ்ந்தார்கள். 1355 இல், பேஸ் நகரில் தம் பயண வரலாற்றை இப்னு ஜுஸை என்பாரிடம் சொல்லி நிறைவு செய்தார்கள். மொராக்கோவிலேயே காஜியாகப் பணியாற்றி 1368-69 இல் இறையடி சேர்ந்தார்கள் என்பர்.

ஜமாஅத்துப் பெருமக்களே! நம் பிள்ளைகள் அயல்நாட்டுப் பள்ளிவாசலின் கடைசி சஃப்பில் தனித்து நிற்கின்றனர். அவர்களுக்கு ஒருவர் ஸலாம் சொல்ல வேண்டுமென நாம் துஆ செய்கிறோம். அதேவேளை, கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த வடமாநிலச் சகோதரர்கள் நம் பள்ளியின் கடைசி சஃப்பில் நிற்கின்றனர். தொழுகை முடிந்ததும் நாம் தெரிந்தவர்களுடன் மட்டும் பேசிக் கலைந்து விடுகிறோம். துனிஸில் நடந்தது நம் பள்ளி வாசலிலும் நடக்கிறது. அன்று ஸலாம் சொன்ன ஹாஜியின் பெயரை வரலாறு வைத்திருக்கவில்லை. அவரது ஸலாமை வைத்திருக்கிறது. அடுத்த ஜும்ஆவில் நாமும் ஓர் அந்நியருக்குக் கைகொடுப்போமாக. வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.