தனிவழி நடந்த கணித மேதை

மக்கள் யாவரும் ஒரே வயதிற் பேசத் தொடங்குவாரல்லர். ஒரே வழியிற் கற்பாருமல்லர். இவ்வுண்மையை நம் நாட்டுப் பெரியார் ஒருவரது வரலாறு நன்கு விளக்கும். அவரே கணித மேதை சீனிவாச இராமாநுஜன்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடையொன்றிற் கணக்கெழுதி வந்தவர், தாயார் கோமளத்தம்மாள். மூன்று வயதாகியும் குழந்தை பேசாதிருக்கவே, ஊமையோ என்று வீட்டார் கலங்கினர். தரையிற் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்துத் தமிழெழுத்துக்களை எழுதுவித்து, ஒவ்வொன்றின் ஒலியையும் சொல்லிப் பழக்கினர். மெல்லப் பேச்சு வந்தது. வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களைச் சுவர் முதற் சுவர் வரை வரிசையாக அடுக்குதல் அக்குழந்தைக்கு விருப்பம். வேண்டிய உணவு கிடையாவிடின் மண்ணிற் புரளும். பள்ளிக்கூடமோ வேம்பாய்க் கசந்தது.

ஆயினும் 1897-இல் தொடக்கப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதன்மை பெற்றார். 1904-இல் நகர உயர்தரப் பள்ளியிற் கணிதப் பரிசு பெற்று, உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கலாசாலை புகுந்தார். அங்கே இடர் தொடங்கிற்று. உள்ளம் முழுதும் கணிதத்தில் அழுந்தியமையால் ஆங்கிலத்தில் தவறினார்; உபகாரச் சம்பளம் நின்றது. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினம் சென்றார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும், ஏனைப் பாடங்களில் தேறாமையால் எப்.ஏ. பரீட்சை கைகூடவில்லை. எல்லார்க்கும் ஒரே அளவுகோலை வைத்த அக்கால விதிக்கு, அவரை அளக்கும் ஆற்றல் இல்லாமற் போயிற்று.

ஆனால் அவரை அவராகவே ஏற்ற நல்லோர் சிலர் இருந்தனர். 1910-இல் வேலை வேண்டித் திருக்கோவலூர் சென்றவரது குறிப்புப் புத்தகத்தைக் கண்ட இராமசாமி ஐயர், அவரைச் சிற்றலுவல் ஒன்றில் அடைத்தல் தகாதெனக் கருதி அறிஞர்பால் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் பொருளினின்று மாதந்தோறும் 25 ரூபாய் உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கு மேலலுவலராயிருந்த நாராயண ஐயர் உடனிருந்து கணக்குகளைச் செய்து, பிறர்க்கும் விளங்கும்படி இடைப்படிகளை எழுதுமாறு தூண்டினார். 1913 ஜனவரி 16-இல் இராமாநுஜன் வரைந்த கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் கண்ணைத் திறந்தது. பட்டமில்லாத அவருக்குச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. தடுத்த விதியே வளைந்து கொடுத்தமை ஈண்டு உணரத்தக்கது.

1914 மார்ச் 17-இல் கப்பலேறினார். விட்டுப்போன பாடங்களையெல்லாம் முறைப்படி கற்குமாறு ஹார்டி அவரை வருத்தவில்லை. ஊக்கங் குன்றாவண்ணம் வேண்டுவனவற்றை மட்டும் உணர்த்தினார். 1918-இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். குளிரும், ஒவ்வாத உணவும், தனிமையும், நோயும் அவரை வாட்டின. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் தமது 32-ஆம் வயதில் மறைந்தார்.

ஆட்டிசம் எனவும் மதியிறுக்கம் எனவும் வழங்கும் இயல்பினை 1943-இல் லியோ கானரும், 1944-இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் விரித்தெழுதினர். இராமாநுஜனுக்கும் இவ்வியல்பு இருந்திருக்கலாமென ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். மறைந்தாரைச் சோதித்தறிதல் இயலாதாகலின், அதனைத் துணிந்து கூறுதல் முறையன்று. ஆயினும், பேச்சுத் தாமதித்த பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் சுற்றத்தார் எவ்வாறு துணையாதல் கூடும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

எமது சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊர்களில் அத்தகைய பிள்ளையைக் கண்டால், கண்ணேறு என்பாரும், தாயின் வளர்ப்பைப் பழிப்பாரும் உளர். இரண்டும் பிழை. ஆட்டிசம் வளர்ப்பின் குற்றத்தால் வருவதன்று. மூளை வளர்ச்சியின் வேறுபாட்டால் அமைவது. காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டிப் பேச்சுப் பயிற்சி அளித்தல் நன்மை பயக்கும். அப்பிள்ளைகள் யாவரும் இராமாநுஜராதல் வேண்டுமென எதிர்பார்த்தலும் தகாது. கணக்கு ஒன்றும் அறியாத பிள்ளைக்கும் நம் தெருவிலும் திருவிழாவிலும் இடமுண்டு. அவ்விடம் திறமைக்குக் கொடுக்கும் கூலியன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்கள் நூற்றுக்கு 5-க்குக் குறையாத இடங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குறைபாடுடையோர்க்கு ஒதுக்குதல் வேண்டுமென்பதும் அதன் விதி. சட்டம் வாயிலைத் திறக்கும். பக்கத்திருக்கையில் இடம் விட்டு அமர்பவர் மாணவரே. கண்ணை நோக்கிப் பேசாதவனைச் செருக்கன் என்றும், ஒன்றையே பேசுபவனைப் பித்தன் என்றும் இகழாது, நாராயண ஐயரைப்போல் உடனிருந்து பழகுவோமாக.