சொற்களுக்கு ஊர் தேடிய ஹென்றி யூல்

உலகமொழிகள் பலவற்றினின்றும் சொற்களைக் கடனாகப் பெற்று வளர்ந்தது ஆங்கிலம். பெற்ற கடனைக் கணக்கெழுதிக் கொடுத்தோர் பெயரையும் பதிந்துவைத்த அறிஞருள், தமிழர் நன்றியுடன் நினைக்கத்தக்கவர் ஹென்றி யூல்.

அவர் 1820 மே 1ஆம் நாள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவை அடுத்த இன்வெரஸ்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் யூல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றியவர். அரபு, பாரசீகச் சுவடிகளைத் தேடித் தொகுத்தவர். மைந்தரும் வங்காளப் பொறியாளர் படையில் சேர்ந்து 1840இல் இந்தியா வந்தார். வடநாட்டில் முகலாயர் காலத்துக் கால்வாய்களைச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டார். 1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவின் செயலாளராக விளங்கி, அப்பயணத்தை நூலாக்கினார்.

1862இல் பணி ஓய்வு பெற்றபின் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பல்லாண்டு வாழ்ந்தார். மார்க்கோ போலோவின் பயண நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, விரிவான விளக்கங்களுடன் 1871இல் வெளியிட்டார். பழம்பயணிகளின் ஏடுகளில் தோய்ந்த அப்பயிற்சியே அவரது சொல்லாராய்ச்சிக்கு அடித்தளமாயிற்று.

1872 முதல் ஆர்தர் கோக் பர்னலுடன் அவருக்குக் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அவ்வூர் அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த கீழைநாட்டுச் சொற்களைத் தொகுக்க இருவரும் முனைந்தனர்.

ஒலியொப்புமை கண்டவுடன் முடிவு கூறுவது யூலின் வழக்கமன்று. ஒரு சொல் எந்த ஆண்டில், எவர் எழுத்தில், என்ன பொருளில் வந்தது என்று சான்றுகளைக் கால வரிசையில் அடுக்கிய பின்னரே பிறப்புக் கூறினார். கறி, சுருட்டு, கட்டுமரம், மிளகுதண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தில் உருமாறி வழங்குவதை அந்நூல் காட்டிற்று. கீழைநாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’. போர்த்துகீசியர் வாய்வழிச் சென்று திரிந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்பதோ பணப்பேழையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்தது. ஒலி ஒன்றாயினும் குடி வேறு என அவர் பிரித்துக் காட்டினார். ‘வராந்தா’ போர்த்துகீசியர் கொணர்ந்த சொல்லே எனவும் நிறுவினார்.

1875இல் மனைவியையும், 1881இல் இரண்டாம் மனைவியையும் இழந்தார். 1882இல் பர்னல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசனைக் குழு உறுப்பினராகப் பணியாற்றிக்கொண்டே, யூல் தனியராய் உழைத்து நூலை முடித்தார். 1886இல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ வெளிவந்தது. மொகரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் பெயர்களைச் சொல்லி எழுந்த ஓலம் ஆங்கிலப் படைவீரர் வாயில் சிதைந்த வடிவமே அப்பெயர். புனிதத் துயரொலியை விளையாட்டுச் சொல்லாக்கியது ஆள்வோரின் செருக்கன்றோ என்னும் குறை நியாயமானதே. எனினும், நூலில் பெரும்பகுதி தம் உழைப்பேயாயினும் மறைந்த நண்பரின் பெயரைத் தம் பெயருடன் முகப்பில் பொறித்த யூலின் நேர்மை போற்றத்தக்கது.

1889 டிசம்பர் 30ஆம் நாள் இலண்டனில் யூல் காலமானார். 1903இல் வில்லியம் குரூக் அந்நூலைத் திருத்திப் பதிப்பித்தார். ஆக்ஸ்போர்டுப் பேரகராதியும் அதனைச் சான்றாகக் கொண்டது. சொல்லைத் தந்த மொழிக்கும் உழைப்பைத் தந்த நண்பருக்கும் உரியதை மறைக்காமல் அளித்தமையே யூலின் புலமைக்கு அழகு சேர்ப்பதாகும்.