கால்குலேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை... 39 இலக்க எண்ணை ஜெயித்த எட்வார்ட் லூக்காஸ் யார்?

170141183460469231731687303715884105727.

இந்த 39 இலக்க எண்ணை 1-ஆலும் அதே எண்ணாலும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுக்க முடியும். அதாவது, இது ஒரு பகா எண். 1876-லேயே, கையால் கணக்குப் போட்டு இதைச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டின் எட்வார்ட் லூக்காஸ்.

1842-ல் அமியான் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார், பிரஷ்யாவுடன் நடந்த போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார், பிறகு கணித ஆசிரியர் ஆனார்.

127 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவதுதான் மேலே உள்ள எண். இது பகா எண் என்று மெர்சென் என்ற பாதிரியார் 1644-லேயே எழுதிவிட்டுப் போனார். ஆனா நிரூபிக்கலை. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்கலாமே என்றால், விநாடிக்கு ஒன்று வகுத்தாலும் 900 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்!

லூக்காஸ் வகுக்கவே இல்லை. அவர் வழியைச் சின்ன எண்ணில் பார்த்தால் புரிஞ்சிடும். ஏழு இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 127. இப்போது 3-ல் ஆரம்பிங்க. அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 7. அதையே திரும்பச் செய்தால் 47. அடுத்து 2207. இது 127-ஐத் தாண்டிவிட்டதால், 127-ஆல் வகுத்து மீதி 48-ஐ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மீதி 16, அதற்கடுத்து 0. ஆறாவது இடத்தில் பூஜ்யம் வந்தாச்சு, 127 பகா எண். 39 இலக்க எண்ணுக்கு 126-வது இடத்தில் பூஜ்யம் வரணும். ஒரு இடத்தில் தப்பினாலும் மொத்தமும் போச்சு.

மெர்சென் பட்டியலில் இருந்த இன்னொரு எண், 67 இரண்டுகளின் பெருக்கலில் 1 குறைந்தது. அது பகா எண்ணே இல்லை என்றும் லூக்காஸ் காட்டினார். வேடிக்கை என்னன்னா, அதை எந்த எண் வகுக்கும் என்பது அவருக்கே தெரியாது! அமெரிக்காவின் கோல் அந்தக் காரணிகளைச் சொன்னது 1903-ல்தான்: 193707721, 761838257287.

சாதாரண ஜனங்களுக்கு லூக்காஸ் ஒரு பொம்மைக்காரர். 1883-ல் வந்த 'ஹனோய் கோபுரம்' புதிர் அவருடையதுதான். காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகளை மாற்றி அடுக்குவதாக அதற்கு ஒரு கற்பனைக் கதையும் உண்டு. மொத்தம் 18446744073709551615 நகர்வுகள். இதுவும் இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்ததுதான், ஆனா 5-ல் முடிவதால் பார்த்ததுமே தெரியும், பகா எண் இல்லை.

1891-ல் மார்செய் நகரில் ஒரு அறிவியல் மாநாட்டு விருந்து. பரிமாறியவர் கை தவறித் தட்டு உடைந்தது. சிதறிய துண்டு ஒன்று லூக்காஸின் கன்னத்தைக் கிழித்தது. காயத்தில் தொற்று ஏறி, சில நாட்களில் இறந்துபோனார். வயது 49.

அவருடைய 39 இலக்க எண்தான் 1951 வரை உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண். அவர் முறையை 1930-ல் லெமர் சீர்படுத்தினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 4.1 கோடி இலக்க பகா எண்ணைக் கம்ப்யூட்டர்கள் உறுதிசெய்ததும் அந்த முறையில்தான்.